மழைநாள் கொழுந்தும் கிலோக் கணக்கும்

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைக்கு நெல்லைப் போல அறுவடைக் காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை அதே மலைக்குத் திரும்பிப் போய், அதற்குள் துளிர்த்ததை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒடிக்க வேண்டும். ஆண்டு முழுவதும் இதே வேலைதான். காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பேர் போட்டு, நம்பர் மலைக்கு ஆள் பிரித்து, எடுத்த கொழுந்தை நிறுத்து, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) இறக்கி, இரவெல்லாம் வாட்டி, விடியும்போது ரோலரில் போடும்வரை ஒரு நாள் அறுவடை நீள்கிறது. அட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கங்களில் மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கியதும் இந்த ஒழுங்கு அடிக்கடி குலைகிறது. வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. கொழுந்து நனைகிறது, லொறி சேற்றில் மாட்டிக்கொள்கிறது, மின்சாரம் போகிறது, ஸ்டோரில் காற்றாடி நிற்கிறது. மாலைக் கணக்கில் கிலோ குறைகிறது. அந்தக் குறை கொழுந்தெடுத்த பெண்ணின் பேரில் எழுதப்படுகிறது.

இப்படி எழுதுவது சரியே என்றுதான் தோட்ட நிர்வாகங்களும், கொழும்பில் பொருளாதாரம் பேசுவோரும், சில வேளை தொழிலாளர் பக்கம் நிற்பதாகச் சொல்வோரும் நினைக்கிறார்கள். அவர்களுடைய வாதத்தைக் குறைக்காமல் எடுத்துச் சொன்னால் அது இதுதான்: தேயிலையின் விலையைக் கொழும்பு ஏலம் முடிவு செய்கிறது, தோட்டக் கம்பனி முடிவு செய்வதில்லை. உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் கூலிக்குப் போகிறது. இலங்கையில் ஒருவர் நாளொன்றுக்கு எடுக்கும் கொழுந்து கென்யாவிலும் தென்னிந்தியாவிலும் எடுப்பதைவிட மிகக் குறைவு. ஆகவே வந்து நின்றதற்காகச் சம்பளம் தருவதை விட்டு, எடுத்த கிலோவுக்குத் தர வேண்டும். கெட்டிக்காரர் கூடுதலாக உழைப்பார், கூடுதலாகச் சம்பாதிப்பார். ஆள் கிடைக்காத இடத்தில் இயந்திரம் இறங்கட்டும்.

இதில் உண்மையான பகுதிகள் உண்டு. ஏல விலை கம்பனியின் கையில் இல்லை. தோட்டத்தில் ஆள் குறைந்துவிட்டது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனபோது வேலை செய்தவர்களில் பாதிப் பேர்கூட இன்று இல்லை. கொழுந்து செழித்த மாதத்தில் மேலதிகக் கிலோவுக்குக் கைக்காசு வாங்கி வீட்டுக்கு நல்ல தொகை கொண்டுபோகும் பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்த உண்மைகளிலிருந்து அந்த முடிவுக்கு வர முடியாது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. கிலோவைத் தீர்மானிப்பது கை மட்டும்தானா? பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ கேட்கிறார்கள். சில இடங்களில் 16, சில இடங்களில் 20. ஒரு கொழுந்து ஒரு கிராம் என்றே வைத்துக்கொள்வோம். பல இனங்களில் அது அதற்கும் குறைவு. அப்படியானால் 18 கிலோவுக்கு 18,000 கொழுந்து ஒடிக்க வேண்டும். எட்டு மணித்தியாலம் என்பது 28,800 வினாடி. ஏற்றம் ஏறுவது, கூடையைக் கொண்டுபோய்க் கொட்டுவது, நிறுவைக்கு வரிசையில் நிற்பது, தேநீர் குடிப்பது எதையும் கழிக்காமலே ஒரு கொழுந்துக்கு ஒன்றரை வினாடிக்குச் சற்று மேல்தான் கிடைக்கிறது. இந்த வேகத்துக்கு மேல் கிலோ ஏற வேண்டுமென்றால் விரல் விரைவதால் ஆகாது. செடியில் கொழுந்து அடர்ந்திருக்க வேண்டும்.

செடியில் கொழுந்து அடர்வது மழை, உரம், கவ்வாத்து, செடியின் வயது ஆகியவற்றின் விளைவு. இதற்கு 2021ஐ விடப் பெரிய சான்று தேவையில்லை. அந்த ஆண்டு மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. ஆண்டு முடிவதற்குள் தடையைத் திரும்பப் பெற்றது. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது. ஏறக்குறைய 16 சதவீத வீழ்ச்சி. அந்தப் பன்னிரண்டு மாதத்தில் மலையகப் பெண்களின் விரல்கள் 16 சதவீதம் மெதுவாகிவிட்டனவா? உரம் இல்லாத செடியின் முன் நின்றவர்கள், அதற்கு முன்பு உரம் போட்ட செடியின் முன் நின்ற அதே பெண்கள்தான்.

செடியின் வயதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 2 சதவீத நிலத்திலாவது மறுநடவு நடக்க வேண்டும் என்பது துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் அளவு. அதை எட்டாத தோட்டங்களே அதிகம். தலவாக்கலை சென் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் நல்ல இனங்களைத் தந்திருக்கிறது. ஆனாலும் உயர்நிலத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை இன்னும் மலை மலையாக நிற்கிறது. அந்தச் செடிகளுக்கு நடுவே வெற்றிடங்கள் விழுந்து, புல் ஏறிக் கிடக்கிறது. அங்கே ஒரு கிலோ சேர்க்க நடக்க வேண்டிய தூரம் வேறு. நடாதது நிர்வாகம், கிலோ குறைவது தொழிலாளி பேரில் என்றால் அந்தக் கணக்கை யாராலும் நியாயம் என்று சொல்ல முடியாது.

கென்யாவோடு ஒப்பிடுவதும் இங்கேயே விழுந்துவிடுகிறது. கெரிச்சோவின் சாய்வு குறைந்த நிலத்தில், இளைய செடிகளில், பெரும்பாலும் இலையை நசுக்கிக் கிழிக்கும் சீ.டீ.சீ. தூளுக்காக எடுக்கும் கொழுந்தை, கால் வைக்கவே இடமில்லாத நுவரெலியாச் சரிவில் இலையை உருட்டும் ஓர்தடொக்ஸ் தூளுக்காகத் தேர்ந்து ஒடிக்கும் கொழுந்தோடு எடைக்கு எடை ஒப்பிட முடியாது. தென்னிந்தியாவில் நீலகிரியிலும் வால்பாறையிலும் பல இடங்களில் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள். வெட்டிய கிலோவையும் விரலால் ஒடித்த கிலோவையும் ஒரே அட்டவணையில் வைப்பவர் ஒப்பீட்டின் முதல் விதியையே மீறுகிறார்.

2. மழைநாளில் தராசு யாருக்காகப் பேசுகிறது? மழைநாள் நிறுவையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். அட்டைக்காகக் காலில் பூசிய சவர்க்காரம் மழையில் எப்போதோ கரைந்து போயிருக்கும். இடுப்பில் சுற்றிய படங்கு தண்ணீரில் ஊறி, நடக்கும்போது முழங்காலில் அடிக்கும். நனைந்த கொழுந்து விரலோடு ஒட்டிக்கொள்வதால் கை நிறைந்தும் கூடையில் விழாது, உதறி விட வேண்டும். விரல் நுனி வெளுத்துச் சுருங்கி, காம்பு ஒடிகிற இடம் தட்டுப்படாது. இத்தனைக்கும் பிறகு கூடையின் அடியில் தண்ணீர் சொட்டச் சொட்டத் தராசுக்கு வந்தால், தராசு காட்டும் எண் அப்படியே நிறுவைத் துண்டில் ஏறாது. சாக்குக்கு ஒரு கழிவு, தண்ணீருக்கு ஒரு கழிவு. தண்ணீருக்கான கழிவு பெரும்பாலும் கண் மதிப்பு. தராசைப் பிடித்திருப்பவர் பார்த்துச் சொல்வதுதான்.

தண்ணீருக்குக் கழிப்பதே தவறு என்று சொல்ல முடியாது. நனைந்த கொழுந்தில் தண்ணீரும் நிறை காட்டும். ஆனால் கழிவின் அளவை வாங்குபவரே தன் கண்ணால் முடிவு செய்வது எந்தச் சந்தையிலும் ஒப்புக்கொள்ளாத வழக்கம். சரி பார்க்க வழி இல்லை என்றும் சொல்ல முடியாது. பச்சைக் கொழுந்து சுமார் நாலரை முதல் ஐந்து கிலோ வரை சேர்ந்து ஒரு கிலோ தூள் கொடுக்கும். அதாவது நூற்றுக்கு இருபது முதல் இருபத்திரண்டு என்ற அளவு. ஸ்டோர் இந்த வீதத்தை நாள்தோறும் பதிவு செய்கிறது. உண்மையான கொழுந்து 1000 கிலோ வந்து, அளவுக்கு மீறிய கழிவால் துண்டுகளில் 850 கிலோ மட்டும் ஏறியிருந்தால், அதிலிருந்து வரும் 215 கிலோ தூள் நூற்றுக்கு இருபத்தைந்து என்று காட்டும். கொழுந்துக்கு அப்படியொரு வரவு கிடையாது. மழைக்கால மாதங்களின் துண்டுக் கணக்கையும் ஸ்டோர் புத்தகத்தையும் அருகருகே வைத்தால், கழிக்கப்பட்டது தண்ணீரா கொழுந்தா என்பது எழுத்திலேயே தெரிந்துவிடும். இவ்வளவு எளிய சோதனையை எந்தச் சம்பளப் பேச்சிலும் மேசைக்குக் கொண்டுவராமல் இருப்பதுதான் கவலை தருகிறது.

3. ஸ்டோரில் இயந்திரம் நின்றால் மலையில் இருப்பவருக்கு என்ன குற்றம்? ஒடித்த கொழுந்து ஒடித்த பிறகும் மூச்சு விடுகிறது, சூடு கக்குகிறது. சாக்கில் அமுக்கி லொறியில் காத்துக் கிடந்தால் உள்ளே கை வைக்க முடியாத வெக்கை ஏறி, இலை ஓரம் செம்பு நிறமாகச் சிவந்துவிடும். சிவந்த கொழுந்தில் நல்ல தூள் வராது. ஆகவே கொழுந்து வந்ததும் வாட்டும் தொட்டியில் பரப்பிக் காற்று விட வேண்டும். சாதாரண நாளில் பன்னிரண்டு முதல் பதினாறு மணித்தியாலம் பிடிக்கும் வாட்டம், நனைந்த கொழுந்துக்கு இன்னும் நீளும். சூட்டுக் காற்று வேண்டும், விறகு கூடுதலாக எரியும், முந்தின நாள் கொழுந்து தொட்டியிலிருந்து இறங்குவதற்குள் அடுத்த நாள் கொழுந்து வாசலில் வந்து நிற்கும். இந்த நேரத்தில் காற்றாடி மோட்டார் எரிந்தாலோ, டிரையரின் பட்டி அறுந்தாலோ, மின்சாரம் போனாலோ ஸ்டோரிலிருந்து மலைக்கு ஒரே செய்திதான் போகும்: எடுப்பதை நிறுத்துங்கள்.

நண்பகலில் நிறுத்தச் சொன்னால் கூடையில் இருப்பது ஏழெட்டுக் கிலோ. முழுப் பேருக்கான அளவு வரவில்லை. அப்போது அரைப்பேர்தான் விழும் என்ற அச்சம் மலையில் எல்லோருக்கும் உண்டு. பல தோட்டங்களில் அது வெறும் அச்சமாக நின்றதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்ணைச் சரித்தபோது வீதியும் மின்கம்பியும் அறுந்தன. ஸ்டோரும் நின்றது, லொறியும் நின்றது, எடுக்க ஆளில்லாமல் கொழுந்து செடியிலேயே முற்றியது. முற்றிய மலையில் அடுத்த சுற்றுக்கு இறங்கும்போதும் கிலோ சரியாக வராது, கழித்துப் போட வேண்டியதே அதிகம். ஒரு கெட்ட நாள் அதோடு முடிவதில்லை. அடுத்த பத்து நாள் கணக்கையும் அது கெடுக்கிறது. கிலோச் சம்பளம் பேசுவோரின் அட்டவணையில் இந்தப் பத்து நாளுக்கு இடமே இல்லை.

4. வெட்டும் இயந்திரம் மழையை வெல்லுமா? இயந்திரத்தை வெறுப்பது இந்த மறுப்பின் நோக்கமில்லை. சாய்வு குறைந்த, வரிசை ஒழுங்கான புதிய மலையில் அது முதுகு வலியைக் குறைக்கும், ஆள் பற்றாக்குறையையும் ஓரளவு தீர்க்கும். ஆனால் அட்டன் சரிவில் காலுக்கடியில் கான், கருங்கல், வழுக்குப் பாசி. ஈரத்தில் பெற்றோல் இயந்திரத்தின் பிளக் நனைந்து மக்கர் பண்ணும். மின்கலத்தில் ஓடுவது குளிரில் சீக்கிரம் இறங்கும், அதற்கு மின்சாரமும் வேண்டும். கொழுந்துச் சாறு கத்தியில் பிசினாக ஒட்டிக்கொள்ள, வெட்டு கிழிப்பாக மாறி, செடியின் மட்டம் கெட்டுப்போகும். உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். டொலர் இல்லாத ஆண்டுகளில் அது எப்படி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பழைய விதைச் செடியின் மேசை ஒரே மட்டமாக இருப்பதில்லை. இயந்திரம் அங்கே கொழுந்தோடு முற்றிய இலையையும் தண்டையும் சேர்த்து அள்ளுகிறது. நல்ல விலை கேட்கும் உயர்நிலத் தூளின் பெயர் போவது இப்படித்தான். இயந்திரம் வந்த தோட்டத்தில் கிலோ அளவு உயர்த்தப்பட்டு, இயந்திரம் நின்ற நாளில் அந்த உயர்ந்த அளவே கையால் எடுப்பவரிடம் கேட்கப்பட்டால் என்ன ஆகும்? இதற்குப் பதில் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை என்றால் இயந்திரம் தொழிலாளிக்கு உதவியாக வரவில்லை.

கென்யாவை முன்மாதிரி காட்டுவோர் 2023 மே மாதம் கெரிச்சோவில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொழுந்து வெட்டும் இயந்திரங்களுக்குத் தீ வைத்த தொழிலாளர் கிளர்ச்சி அங்கேதான் வெடித்தது.

5. ஊக்கம் கொடுத்தால் மழை நிற்குமா? கிலோவுக்குச் சம்பளம் கொடுத்தால் உழைப்புக் கூடும் என்ற வாதம், உழைப்பைத் தவிர மற்றதெல்லாம் மாறாமல் இருக்கும் நாளுக்குப் பொருந்தும். மழைநாளில் கூடுதல் ஊக்கம் வேறொன்றைத்தான் உண்டாக்கும். இடி முழங்கும்போதும் மலையை விட்டு இறங்காமல் இருப்பது, குளவிக் கூடு இருக்கும் செடிவரிசையை விட மனமில்லாமல் கையை நீட்டுவது, சரிவில் மண் இளகியதைக் கண்டும் காணாமல் மேலே ஏறுவது. ஏப்ரல் மாத இடிமின்னலிலும் குளவிக்கொட்டிலும் மலையகம் இழந்த உயிர்களை நினைத்துப் பார்ப்பவர் கிலோவை அவசரப்படுத்த மாட்டார். தரமும் இதே வேகத்தில் கெடும். அளவு எட்டவில்லை என்ற பதற்றத்தில் மூன்றாம் இலையும், வங்கி எனப்படும் வளராத மொட்டுக் கொழுந்தும் கூடைக்குள் போகும். பிறகு ஏலத்தில் விலை இறங்கும். அந்தக் குறைவும் கடைசியில் கூலிப் பேச்சில் தொழிலாளிக்கு எதிரான சான்றாக வந்து நிற்கும்.

6. நெல் விவசாயிக்கும் மழைநாள் நட்டம் உண்டே என்று கேட்கலாம். உண்டு. பொலன்னறுவையிலோ மட்டக்களப்பிலோ அறுவடை நாளில் மழை கொட்டி, வெட்டும் இயந்திரம் சேற்றில் புதைந்து நின்றால், கதிர் சாய்ந்து முளை விட்டுவிடும். அந்த நட்டம் விவசாயிக்குத்தான். ஆனால் விளைச்சல் நன்றாக வந்த போகத்தில் அந்த நெல்லும் அவருடையது, விற்ற காசும் அவருடையது. அவருக்கு அரசின் பயிர்க் காப்புறுதியும் ஓரளவு இருக்கிறது. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குச் செடி சொந்தமில்லை, நிலம் சொந்தமில்லை, தூள் சொந்தமில்லை. பல குடும்பங்களுக்குக் குடியிருக்கும் லயமும் சொந்தமில்லை. ஏலத்தில் விலை ஏறிய மாதத்து இலாபம் கம்பனிக்குப் போகிறது. நல்ல நாளின் இலாபத்துக்கு உடைமைக்காரரும் கெட்ட நாளின் நட்டத்துக்குக் கூலிக்காரரும் என்று பிரிக்கும் ஏற்பாட்டைப் பங்கு என்று அழைக்க முடியாது. சம்பளத்துக்குப் பதிலாக வருமானத்தில் பங்கு தரும் முறையை முன்வைப்போர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்: பங்கில் நட்டம் இருந்தால் உடைமையும் இருக்க வேண்டாமா?

7. கம்பனியால் தாங்க முடியாது என்பது கடைசி வாதம். மழைநாள் நட்டத்தைத் தாங்க வழியே இல்லாதவர் யார் என்று பார்த்தால் போதும். கம்பனிக்கு வங்கிக் கடன் உண்டு, காப்புறுதி உண்டு. ஒரு மலையில் மழை பெய்தாலும் இன்னொரு மாவட்டத்தில் வெயில் அடிக்கும் தோட்டம் உண்டு. மேற்குச் சரிவில் தென்மேல் மழை கொட்டும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே ஊவாவுக்குத் தரமான காலம். நாட்கூலிக்காரிக்கு இருப்பது ஒரு மலை, ஒரு வானம். கடைக் கணக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் மழை ஓயும்வரை காத்திருக்காது.

சட்டமும் நாட்சம்பளத்தின் பக்கமே சாய்கிறது. சம்பள நிர்ணய சபை வழியாக 2021இல் அறிவிக்கப்பட்ட 1000 ரூபாவும், 2024 செப்டெம்பரில் வந்த 1350 ரூபா அடிப்படையும் நாட்சம்பளங்கள். 2026 வரவு செலவுத் திட்டம் அடிப்படையை 1550 ஆக்கி, அரசு தரும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவோடு 1750 என்று முன்மொழிந்ததும் நாளைக் கணக்கில் வைத்துத்தான். வர்த்தமானியில் ஏறிய தொகையைத் தோட்டத்துத் தராசால் அரைவாசியாக்க முடியுமென்றால், அந்தத் தொகைக்காக நடந்த போராட்டமும் வழக்கும் பேச்சுவார்த்தையும் பாதி வீண். வருகைக் கொடுப்பனவுக்கும் இதே ஆபத்து இருக்கிறது. பெரட்டுக்கு வந்தவரை மழை என்று திருப்பி அனுப்பினால் அந்த நாள் வருகையா இல்லையா என்பது எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

இதுவரை தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் தொகையைப் பிடித்துக்கொண்டு, கிலோவைத் தோட்டத்துக்குத் தோட்டம் விட்டுவிட்டன. அங்கேதான் ரூபா கரைகிறது. அடுத்த பேச்சில் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் வைக்க வேண்டும். மழையாலோ, ஸ்டோர் இயந்திரம் நின்றதாலோ, லொறி வராததாலோ எடுப்பு நிறுத்தப்பட்ட நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். ஈரக் கொழுந்தின் கழிவு அளந்து பார்த்துச் செய்யப்பட வேண்டும். அந்தக் கணக்கு ஸ்டோரின் தூள் வீதத்தோடு சேர்த்து மாதந்தோறும் பெரட்டுக்களத்தில் ஒட்டப்பட வேண்டும். ஒரு பேருக்கான கிலோ அளவு மலையின் செடி வயதையும் பருவத்தையும் பார்த்து, தொழிலாளர் பிரதிநிதி முன்னிலையில் நிர்ணயிக்கப்பட வேண்டும். இந்த மூன்றும் இல்லாத எந்த ஒப்பந்தத்திலும் தொழிற்சங்கங்கள் கையெழுத்துப் போடக்கூடாது.